இடது கை கீழே

இரண்டடி தூரத்தில் இருக்கும் குழிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எதிரே யாரும் பந்து வீசப்போவதில்லை, காலை வாரிவிட ஆள் இல்லை, பந்தும் ஓடிப்போகாமல் காத்துக்கொண்டிருக்கும். கோலைப் பிடித்து மெல்ல ஒரு தள்ளு தள்ளினால் போதும். அந்த வேலையைச் செய்ய முடியாமல் எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஏறக்குறைய ஒரு வருஷம் தவித்தேன். அந்தத் தவிப்புக்குள் என் கல்யாணமும் வந்து மாட்டிக்கொண்டது.

அப்போது கப்பலூர் தொழிற்பேட்டையில், இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் இன்ஜினீயர். பேரையூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அப்பா காலமாகிவிட்டார். மதுரையில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். எனக்கும் கோல்ஃபுக்கும் எந்த ஜென்மத்திலும் தொடர்பு இருந்திருக்க முடியாது. பைத்தியம் எங்கள் முதலாளிக்குத்தான். கொடைக்கானலில் யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, திருமங்கலம் சாலையை ஒட்டி விளைச்சல் இல்லாமல் கிடந்த தன் கரிசல் காட்டில் ஆறு குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கொடியை நட்டார். அவரும் அவருடைய சிநேகிதர்கள் இருவரும் சேர்ந்து மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவது ஆள் இல்லாமல் ஆட்டம் களை கட்டவில்லை. சம்பளம் வாங்குகிறவன் என்ற ஒரே தகுதியில் அந்த நாலாவது ஆள் நானானேன்.

கோல்ஃப் என்றால் பச்சைப் பசேலென்ற புல்வெளியைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எங்கள் காட்டில் வேலிக்கருவை மட்டும்தான் பச்சை. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக, மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து வட்டமாகப் பரப்பி, சாக்குச் சுற்றிய கட்டையால் இழுத்து வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். பந்து அதன்மேல் நன்றாகவே உருளும். ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் செருப்பில் ஒர்க்‌ஷாப் வாடை அடிக்கும். சுற்றுவட்டாரத்தில் அந்த இடத்துக்குக் கோலிக்குண்டுக் காடு என்று பெயர். “என்ன சார், இந்த ஞாயித்துக்கெழமையும் கோலி வெளாட்டா?” என்று டீக்கடைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பார்.

பந்தைத் தூரமாக அடிக்கச் சில கோல்கள் உண்டு. குழியருகே வந்ததும் உருட்டுவதற்கென்று தனியாக ஒரு கோல், அதன் பெயர் பட்டர். மதுரையில் பட்டர் என்றால் கோயிலில் அர்ச்சனை செய்கிறவர். ஒருநாள் முதலாளி மைதானத்திலிருந்து ஆபீசுக்கு ஆள் அனுப்பி, “நம்ம பட்டரை ஜீப்புல ஏத்திக்கிட்டு வரச் சொல்லு” என்றார். ஆபீசில் இருந்த கிளார்க் புதுசு. காட்டில் ஏதோ பூமி பூஜை என்று நினைத்து, கோயில் பக்கம் போய் ஒரு நிஜமான பட்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். வந்தவரை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாதென்று முதலாளி ஆறு குழிக்கும் ஒரு சின்னப் பூஜை போடச் சொன்னார். அவரும் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகும் என் பந்து குழியில் விழவில்லை.

வலதுகைக்காரர்கள் இந்தக் கோலைப் பிடிக்கும் முறை, இடது கை மேலே, வலது கை கீழே. கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோலத்தான். தூர அடிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சின்ன வயசில் கிட்டிப்புள் அடித்த தோள் கைகொடுத்தது. குழியருகே வந்தால்தான் வம்பு. கோலைப் பின்னால் எடுக்கும்வரை கை சமர்த்தாக இருக்கும். முன்னால் தள்ளப்போகும்போது வலது மணிக்கட்டு வெடுக்கென்று ஒரு சொடுக்குச் சொடுக்கும். விரல்கள் நடுங்கும். பந்து குழியை ஒட்டிக்கொண்டே போய் அந்தப் பக்கம் நின்றுவிடும். திருப்பி இந்தப் பக்கம் தள்ளினால் மறுபடி அதே கதை.

இதே கைதான் தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரைப் பிடித்து மயிரிழை வித்தியாசத்தை அளக்கும். அங்கே நடுங்கியதில்லை. சவரம் செய்யும்போது நடுங்கியதில்லை. நாலு பேர் வாயை மூடிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் நடுங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், அதற்கு முன்னால் மந்திரிக்கிறவரிடம் இழுத்துக்கொண்டு போவாள்.

முதலாளியின் சிநேகிதர்கள் ஆட்டம் முடிந்ததும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். எனக்கு ஒரு கலர் சோடா பாட்டிலை உடைத்துக் கொடுப்பார்கள். குடிக்கிறவன் கை திடமாக இருக்கும், கலர் குடிக்கிறவன் கை ஆடும். ஆனால் ஊருக்கு இதெல்லாம் தெரியுமா? “ராத்திரி எம்புட்டு மாப்ள உள்ள போச்சு?” என்று அவர்களில் ஒருவர் விளையாட்டுக்குக் கேட்டது தொழிற்சாலை வரைக்கும் வந்துவிட்டது. லேத் மெஷின் பக்கம் நான் போனால் பேச்சு நின்றது. கை நடுங்குகிறது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இந்த நேரத்தில்தான் அம்மா எனக்குப் பெண் பார்த்தாள்.

அலங்காநல்லூரில் வீடு. கல்லூரியில் படித்த பெண். தூரத்து உறவினர் ஒருவர் சொல்லி, அம்மாவும் நானும் போனோம். பெண்ணின் அப்பா வாயே திறக்காத மனிதர். கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். பேச்சு முழுக்கப் பெண்ணின் தாய்மாமன்தான். முறுக்கிய மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எதையும் சுற்றி வளைக்காமல் கேட்கிறவர். பெண் காப்பித் தட்டோடு வந்தாள். தட்டை இடது கையில் தாங்கிக்கொண்டு, வலது கையால் டம்ளரை எடுத்து நீட்டினாள். என்னிடம் வரும்போது டம்ளர் நடுங்கியது. காப்பி என் வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. அவள் முகம் சிவந்துபோனது. ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற பார்வையாக எனக்குப் படவில்லை. எரிச்சல் மாதிரி இருந்தது. அந்த எரிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கை நடுங்கினால் உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போதே அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் பிடித்திருந்தது. “நல்ல கொணமா தெரியுது. பயந்த புள்ள” என்றாள். தாய்மாமன் மட்டும் நாங்கள் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

“நாங்களும் நாலு எடத்துல விசாரிச்சுட்டுச் சொல்றோம் தம்பி. தப்பா நெனைக்கக் கூடாது.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். விசாரித்தால் என்ன தெரியவரும் என்பதுதான் என் கவலை. ஞாயிறுதோறும் பணக்காரர்களோடு காட்டுக்குப் போகிறவன், அங்கே பாட்டில் உருளுகிறது, இவனுக்குக் கை நடுங்குகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற எந்த மாமன் பெண் கொடுப்பான்? விளையாட்டை விட்டுவிடலாம் என்றால் முதலாளி விடமாட்டார். ஆக, அவர்கள் வந்து பார்ப்பதற்குள் இந்தக் கை அடங்கியாக வேண்டும். அந்தப் பெண் எனக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் என் வலது மணிக்கட்டில் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

பட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹாலில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, சாயங்காலங்களில் அதற்குள் பந்தை உருட்டிப் பழகினேன். கைகளை அகட்டிப் பிடித்துப் பார்த்தேன், நெருக்கிப் பிடித்துப் பார்த்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டினேன். மூச்சை அடக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு தள்ளியதில் பந்து அரிசிப் பானைக்கு அடியில் போய்விட்டது. தனியாக இருக்கும்போது ஓரளவு வந்தது. யாராவது எட்டிப் பார்த்தால் சொடுக்கு வந்துவிடும். கம்பும் கையுமாக வீட்டுக்குள் குனிந்து நிற்கும் என்னைப் பார்த்து அம்மா, “படிக்க வச்சது ஆடு மேய்க்கவாய்யா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். பின்னால் இருப்பவர்கள் நெட்டித் தள்ள, சந்நிதியில் கை நீட்டினேன். பட்டர் குங்குமத்தை என் உள்ளங்கையில் போட்டார். வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் உறைத்தது. எத்தனை பேர் பார்க்க நீட்டிய கை, அது ஆடவே இல்லை. எப்படி நீட்டினேன் என்று தூணோரம் நின்று மறுபடி செய்து பார்த்தேன். எல்லாரும் செய்வதுதான். வலது கை மேலே, அதற்கு அடியில் இடது கை. ஒரு கை வாங்குகிறது, இன்னொரு கை தாங்குகிறது. பிரகாரத்தில் அம்மா அம்மனை நினைத்துக்கொண்டு நடந்தாள். நான் பட்டரை நினைத்துக்கொண்டு நடந்தேன், இரும்புப் பட்டரை.

வீட்டுக்கு வந்ததும் கோலை எடுத்தேன். வழக்கத்துக்கு நேர் மாறாக வலது கையை மேலே வைத்தேன். இடது கையைக் கீழே கொண்டுவந்தேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டதுபோல உடம்பே கூசியது. பந்து டம்ளரை விட்டுவிட்டுக் கட்டில் காலில் மோதியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், சொடுக்கு வரவில்லை. தப்பாகப் போன பந்து தப்பாகவேனும் நிதானமாகப் போயிருந்தது. வலது மணிக்கட்டு மேலே போய்விட்டதால் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் எங்கே நடுங்குவது?

வசதியாகப் பிடிக்க வருவதற்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இரண்டு கைக்கும் நடுவே இடைவெளி விட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டது. ஒட்டிவைத்தால் விரல்கள் நெரிபட்டன. வலது கைச் சுண்டு விரலை இடது கைமேல் லேசாகப் படியவிட்டதும் இரண்டும் சமாதானமாயின. இடது கையின் ஆள்காட்டி விரலை மடக்காமல் கோலோடு ஒட்டிக் கீழே நீட்டினேன், கோல் திருகுவது நின்றது. இடது புறங்கை குழியைப் பார்த்தபடி நேராக இருந்தால் பந்தும் நேராகப் போனது. அதுவரை வலது தோள் தாழ்ந்து கோணலாக நின்றவன், இப்போது தோள் இரண்டும் சமமாக நிற்கக் கண்டேன். ஒரு சாண் முன்னால் நகர்ந்து, பந்து கண்ணுக்கு நேர் கீழே வரும்படி நின்றேன். கடைசியாக, இறுக்கத்தைத் தளர்த்தினேன். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அளவுக்கு மேல் பிடிக்கக்கூடாது. ஒரு சாயங்காலம் டம்ளருக்குள் டங்கென்று சத்தம் கேட்டது. எடுத்துவைத்து மறுபடி உருட்டினேன், மறுபடியும் டங். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள். அவள் பார்க்கும்போதும் டங்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கேலிக்குக் குறைவில்லை. “என்னய்யா, பீச்சாங்கைய முன்னால விடுற? குழி கோவிச்சுக்காதா?” என்றார் முதலாளி. நான் கோயில் விஷயத்தைச் சொன்னேன். “ஆக, பட்டரைத் திருத்தினது பட்டர்” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். ஆனால் பந்து விழுந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் இந்த இடது கையை வைத்தே எனக்கு நொட்டாங்கை இன்ஜினீயர் என்று பெயர் வந்துவிட்டது. கேலிதான், ஆனாலும் குடிகாரன் என்பதைவிட எவ்வளவோ மேல். இனி அந்த மாமன் எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று இருந்தேன்.

வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கருவேல மரத்தடியில் நின்று, நான் கடைசிக் குழிக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கிறார் என்பது தெரிந்தும் என் கை அசையவில்லை. வலது கை மேலே, இடது கை கீழே, பந்து குழிக்குள். மனசுக்குள் கெட்டிமேளமே கேட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனேன். மாமா என்று கூப்பிட உரிமை வரவில்லை, அண்ணே என்றால் முறை தப்பிவிடும், ஐயா என்றே கூப்பிட்டேன்.

“வாங்கய்யா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்.”

“இருக்கட்டும் தம்பி. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.” அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. “தம்பிக்கு நொட்டாங்கைப் பழக்கமோ?”

நான் எதிர்பார்த்த கேள்வி வேறு. குடிகாரப் பட்டத்திலிருந்து தப்பித்து இன்னொரு குழியில் விழுந்துவிட்டேன் என்று தோன்றியது. இடது கைக்காரனுக்கு எங்கள் பக்கத்தில் யார் முகம் சுளிக்காமல் பெண் கொடுப்பார்கள்? தாலியை எந்தக் கையால் கட்டுவான் என்றே முதலில் கேட்பார்கள். ஆகவே நான் அடித்துப் பேசினேன்.

“சேச்சே, அதெல்லாம் இல்லீங்கய்யா. எழுதுறது, சாப்புடுறது எல்லாம் சோத்தாங்கைதான். இது வெளையாட்டுக்காக இப்படிப் பிடிக்கிறது. எங்க வம்சத்துலயே யாருக்கும் அந்தக் கருமம் கெடையாது. வேணும்னா பேரையூர்ல விசாரிச்சுப் பாருங்க.”

“கொஞ்சங்கூட இல்லையா?”

“கொஞ்சங்கூட இல்லீங்கய்யா.”

“சரி தம்பி” என்றார். கலர் வாங்கிவரச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். மோட்டார் சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டில் ஏற்றிக் கிளப்பினார். நான் பரீட்சையில் தேறிய சந்தோஷத்தில் அன்று இன்னொரு சுற்று ஆடினேன்.

பிறகு பெண் வீட்டிலிருந்து பேச்சே இல்லை. அம்மா அந்த உறவினரிடம் விசாரித்தாள். நட்சத்திரப் பொருத்தம் கொஞ்சம் இடிக்கிறதாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஜாதகம் பார்த்துப் பத்தும் பொருந்துகிறது என்று அவர்களே சொன்ன பிறகு இது. அம்மா வருத்தப்பட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று கேட்காமல் விடுவதில்லை என்று, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அலங்காநல்லூர் பஸ் ஏறினேன்.

வீட்டில் தாய்மாமன் இருந்தார். அப்பா வழக்கம்போலச் சுவரோரம். வந்தவனை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நான் நேரடியாகவே கேட்டேன்.

“நான் குடிக்கிறவன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

தாய்மாமன் ஆச்சரியமாகப் பார்த்தார். “அப்படி யாரும் சொல்லலியே தம்பி. நீங்க கலர்தான் குடிப்பீகன்னு உங்க கம்பெனியில வேல பாக்குற எங்க ஊருப் பய சொன்னான். அவன் இன்னொண்ணும் சொன்னான், அந்த இன்ஜினீயருக்கு நொட்டாங்கைன்னு. அதக் கேட்டுட்டு அன்னைக்கு எம்புட்டு சந்தோசமா வந்தேன் தெரியுமா?”

“சந்தோசமாவா?” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்க புள்ளைக்கு நொட்டாங்கை தம்பி. பொறந்ததுலருந்து. இந்தா இருக்காரே அவ அப்பா, சின்னதுல சாப்பாட்டு நேரத்துக்கு அவ கையத் துண்ட வச்சுக் கட்டிப்போடுவாரு. அழுதுக்கிட்டே சோத்தாங்கையில சாப்புடும். எழுதவும் அப்படித்தான் பழகுச்சு. இதுக்கு முந்தி வந்த எடத்துல தெரிஞ்சு போச்சு, பேசி முடிச்சதையே முறிச்சுட்டாக. உங்களுக்கும் அதே கைன்னதும், சரி, புரிஞ்சுக்கிற மனுசன் கெடச்சுட்டாருன்னு வந்தேன். நீங்க என்னடான்னா கருமம்னுட்டீக.”

பெண்ணின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. யாரை நான் தாஜா செய்ய நினைத்தேனோ அவரிடம், எதைச் சொன்னால் அந்த வீடு நொறுங்குமோ அதையே பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே கதவோரம் அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. மாமனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டாள்.

“உங்களுக்குச் சோத்தாங்கைதான்னா, பெறகு ஏன் அப்படிப் பிடிச்சு வெளையாடுறீங்க?”

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். “சோத்தாங்கை நடுங்குது. யாராச்சும் பார்த்தா நடுங்கும். அதுக்குத்தான்.”

அவள் கதவை விட்டுக் கூடத்துக்குள் ஓர் அடி வைத்தாள். “எனக்கும் அந்தக் கைதான் நடுங்கும்” என்றாள். காப்பி சிந்திய அன்று அவள் முகத்தில் தெரிந்தது தன் கையைக் கட்டிப்போட்டவர் மேல் வந்த எரிச்சல் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பெண்ணை விட்டுவிடக்கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. நான் தாய்மாமனிடம், அன்று சொன்னதை மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். எனக்கு முழுச் சம்மதம் என்றேன்.

அவர் மீசையைத் தடவினார். “உங்களுக்குச் சம்மதம் தம்பி. வீட்டுல உங்க அம்மா கையாலதான அவ சோறு வாங்கணும், அவங்களுக்கு இவ சோறு போடணும்? அவங்க சொல்லட்டும். மறைச்சுக் கட்டிக்குடுக்க மாட்டோம். மறைக்க வேணாம்னு புள்ளையே சொல்லிடுச்சு.”

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“வேணாய்யா. எம்புள்ளைக்குப் பீச்சாங்கையால சோறு போடுறதுக்கா நான் ஊர் ஊரா அலைஞ்சு பொண்ணு தேடுறேன்? குலசாமிக்குப் பொங்க வைக்கறப்ப எந்தக் கையால கிண்டுவா? நாளப்பின்ன நாலு சனம் என்ன பேசும்?”

அம்மாவோடு வாதம் செய்து ஜெயித்தவன் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லை. நான் வாதம் செய்யவில்லை. எழுந்து போய்ப் பட்டரை எடுத்து வந்தேன். டம்ளரைப் படுக்க வைத்தேன்.

“அம்மா, கொஞ்சம் என் கையைப் பாரு.”

முதலில் பழைய முறையில் பிடித்தேன், இடது கை மேலே, வலது கை கீழே. அவள் பார்த்தாள். பார்க்கிறாள் என்றதும் நடுக்கம் தானாக வந்தது. மறைக்க முயலவில்லை. கோலின் தலை தரையில் கடகடவென்று தட்டியது. பந்து எங்கோ போனது. அவளுடைய வெங்காயக் கத்தி நின்றுவிட்டது. பந்தை எடுத்து வந்து, கைகளை மாற்றிப் பிடித்தேன். நடுக்கம் இல்லை. டங்.

“என்னய்யா கை அப்படி ஆடுது?” குரலே மாறியிருந்தது.

“ஒரு வருஷமா இப்படித்தாம்மா. இடது கையைக் கீழே குடுத்த பெறகுதான் நின்னுச்சு.”

“ஒரு வருசமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ.”

“நீ பயந்துருவ.”

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, இம்புட்டு நாளா எனக்குத் தெரியாம மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சியா ராசா?” முறத்தைத் தள்ளிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மணிக்கட்டைத் தேய்த்தாள். அவள் விரலெல்லாம் வெங்காய வாடை. கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேய்த்துக்கொண்டே கேட்டாள். “அந்தப் புள்ள எத்தன வருசமா மறைக்குது?”

“வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து.”

அம்மா மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, காலண்டரில் நல்ல நாள் பார்த்து வைக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, “வெறுங்கையோடயா போயி நிக்க முடியும்? பூ வாங்கணும், ஒரு வளையல் செய்யக் குடுத்தாதான் ஆகும்” என்றாள்.

நிச்சயத்துக்கு இரண்டு வீட்டுச் சொந்தமும் கூடியிருந்தது. அவளை மணையில் உட்கார வைத்தார்கள். அம்மா தலையில் பூ வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, மடியிலிருந்து வளையலை எடுத்தாள். “கையக் குடு தாயி” என்றாள். அவள் குனிந்த தலை நிமிராமல் வலது கையை நீட்டினாள். நீட்டிய கை நடுங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வளையலைப் போடாமல் நிறுத்தினாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

“இது ஊருக்குக் காட்டுற கை தாயி. உங்கையக் குடு.”

அவள் தன் அப்பாவைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். அது நடுங்கவில்லை. ஆனால் வளையல் ஏறவில்லை. செய்யக் கொடுத்தபோது அளவுக்குக் கொண்டுபோனது அவளுடைய வலது கை வளையல், எந்நேரமும் வேலை செய்கிற கை அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது. விரல் மொழியில் சிக்கிக்கொண்டது. சோப்பும் தண்ணியும் கொண்டு வாங்க என்று யாரோ சொன்னார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாதான் எழுந்து போனார். செம்பில் தண்ணீரும் சோப்புமாக வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்த இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, நனைத்து, சோப்புத் தடவி, விரல்களை ஒன்றுசேர்த்துக் குவித்து, அம்மாவின் பக்கமாகப் பிடித்துக் கொடுத்தார்.